கணக்கு கேட்ட பொருளாளர்: கட்சி கஜானாவில் இருந்து கோட்டைக்குப் போன எம்.ஜி.ஆர்.

தேவாலா:-

கோயில் திருவிழா கமிட்டி, தேயிலைத் தோட்ட தொழிற்சங்கம், கட்சியின் ஊர்க்கிளை. எதுவாக இருந்தாலும் பொறுப்பு என்று வந்தால் 3 பேர் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர். மாலை தலைவருக்கு விழும். நோட்டீசில் செயலாளர் பெயர் பெரிசாக வரும். பொருளாளர் கையில் ரசீது புத்தகமும், பேங்க் பாஸ் புத்தகமும் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் விழா முடிஞ்சதும் முதல் சண்டை எங்கே வரும்? கணக்கில்தான் வரும்.

ஊர்க் கமிட்டிக்கு உள்ள இந்தக் கதைதான் மாநிலக் கட்சிகளுக்கும். தமிழக அரசியலில் பொருளாளர் பதவியை "மூணாவது நாற்காலி" என்று சாதாரணமாக நினைத்துவிட முடியாது. 1969 முதல் 2021 வரை முதல்-அமைச்சராக பதவி ஏற்றவர்களில் கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஓ.பன்னீர்செல்வம், மு.க.ஸ்டாலின் ஆகிய 4 பேரும் தங்கள் கட்சியில் பொருளாளர் பதவியைப் பார்த்தவர்கள்.

இந்த 4 பேரில், பொருளாளராக இருந்துகொண்டே "கணக்கு காட்டுங்கள்" என்று மேடையில் கேட்டு, அதற்காகவே கட்சியை விட்டு நீக்கப்பட்டவர் எம்.ஜி.ஆர். அந்தக் கேள்வியில் இருந்து ஒரு புதிய கட்சி பிறந்தது. 5 ஆண்டுக்குள் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

நாவலப்பிட்டியில் பிறந்தவர்

எம்.ஜி.ஆர். என்று அழைக்கப்படும் எம்.ஜி.ராமச்சந்திரன் 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகப் பகுதி அது. குடும்பத்தின் பூர்வீகம் பாலக்காடு பக்கம் உள்ள வடவனூர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டதால், தாயார் சத்யபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வறுமை. படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் வெளிவந்த "சதி லீலாவதி"தான் முதல் படம்.

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, கூடலூர் பகுதிகளில் உள்ளவர்களுக்கு நாவலப்பிட்டி என்ற பெயர் புதிதல்ல. 1964-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்தில் இருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டது. அப்படி தாயகம் திரும்பியவர்களில் ஏராளமானோர் நீலகிரியில் குடியேறினார்கள். இவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பின்னர் "டேன்டீ" என்ற அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்தத் திட்டம் தொடங்கியபோது முதல்-அமைச்சர் அண்ணா. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களில் ஒருவர் எம்.ஜி.ஆர்.

மேல்-சபையில் இருந்து சட்டசபைக்கு

எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953-ல். கட்சிக் கொடியையும் கொள்கையையும் சினிமாவில் காட்டி, கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். 1962-ல் மேல்-சபை உறுப்பினர் (எம்.எல்.சி.) ஆனார். 1964-ல் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

1967 பொதுத் தேர்தல் அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம். ஜனவரி 12-ந்தேதி நடிகர் எம்.ஆர்.ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் இருந்த படம் போஸ்டராக அச்சடிக்கப்பட்டு ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குப் போகாமலேயே பரங்கிமலை தொகுதியில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். தி.மு.க. 137 இடங்களைப் பிடித்து முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது.

அண்ணா ஆட்சியில் எம்.ஜி.ஆருக்கு மந்திரி பதவி இல்லை. சிறுசேமிப்புத் திட்ட துணைத்தலைவர் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

11 லட்சம் வசூலித்த முந்தைய பொருளாளர்

எம்.ஜி.ஆருக்கு முன்பு தி.மு.க. பொருளாளராக இருந்தவர் கருணாநிதி. 1961-ல் இந்தப் பொறுப்புக்கு வந்தார். 1967 தேர்தலுக்காக 10 லட்சம் ரூபாய் நிதி திரட்ட வேண்டும் என்று கட்சி இலக்கு வைத்தது. ஊர் ஊராகச் சுற்றி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார் கருணாநிதி. சென்னை விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலைப் படித்த அண்ணா, சைதாப்பேட்டை தொகுதி வந்தபோது கருணாநிதியின் பெயரைச் சொல்லாமல் "11 லட்சம்" என்று அறிவித்தார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

நிதி திரட்டுபவருக்குத்தான் மாவட்டம், ஒன்றியம், கிளை என்று எல்லா மட்டத்திலும் ஆட்களைத் தெரியும். யார் எவ்வளவு கொடுப்பார், யார் கொடுக்க மாட்டார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பொருளாளர் பதவியின் உண்மையான பலம் இதுதான்.

மூன்றாவது நாற்காலியில் எம்.ஜி.ஆர்.

1969-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந்தேதி அண்ணா மறைந்தார். அடுத்த முதல்-அமைச்சர் யார் என்ற போட்டியில் நெடுஞ்செழியன் ஒரு பக்கம், கருணாநிதி ஒரு பக்கம். எம்.ஜி.ஆர். கருணாநிதிக்கு ஆதரவாக நின்றார். பிப்ரவரி 10-ந்தேதி கருணாநிதி முதல்-அமைச்சர் ஆனார்.

கட்சியிலும் பங்கீடு நடந்தது. அதுவரை தி.மு.க.வில் தலைவர் பதவியே கிடையாது. பொதுச்செயலாளர்தான் எல்லாம். 1969 ஜூலையில் தலைவர் பதவி உருவாக்கப்பட்டு, கருணாநிதி தலைவர் ஆனார். நெடுஞ்செழியன் பொதுச்செயலாளர். கருணாநிதி வகித்து வந்த பொருளாளர் பொறுப்பு எம்.ஜி.ஆர். கைக்கு வந்தது.

1971 தேர்தலில் தி.மு.க. 180-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. நீலகிரி பாராளுமன்றத் தொகுதியிலும் தி.மு.க.வின் ஜே.மாதா கவுடர் வென்றார். எம்.ஜி.ஆர். மீண்டும் பரங்கிமலை எம்.எல்.ஏ. ஆனார். இந்த முறை மந்திரி பதவியை அவர் எதிர்பார்த்தார் என்றும், நடிப்பை விட்டால்தான் மந்திரி பதவி என்று சொல்லப்பட்டதாகவும் அப்போது பேசப்பட்டது. பதவி கிடைக்கவில்லை.

விரிசல் விழுந்தது எப்படி?

1971-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கள்ளுக்கடை, சாராயக்கடைகள் திறக்கப்பட்டன. படங்களில் குடிக்காத கதாநாயகனாகவே நடித்து வந்த எம்.ஜி.ஆருக்கு இதில் உடன்பாடு இல்லை. தாய்மார்கள் மத்தியில் அவருக்கு இருந்த பெயரும் அப்படி. மேடைகளில் மதுவிலக்கை ஆதரித்துப் பேசத் தொடங்கினார்.

1972-ல் கருணாநிதியின் மகன் மு.க.முத்து சினிமாவுக்கு வந்தார். அவர் நடித்த "பிள்ளையோ பிள்ளை" வெளியானது. முத்து பெயரில் ரசிகர் மன்றங்கள் கிளம்பின. எம்.ஜி.ஆர். மன்றங்கள்தான் பல ஊர்களில் தி.மு.க. கிளைகளுக்கு முதுகெலும்பு. அந்த மன்றங்களை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

மத்திய அரசு வருமான வரிப் பிரச்சினையைக் காட்டி எம்.ஜி.ஆரை மிரட்டியது, அதனால்தான் அவர் கட்சிக்கு எதிராகத் திரும்பினார் என்பது தி.மு.க. தரப்பு சொன்ன காரணம்.

அக்டோபர் 8: அந்த ஒரு கேள்வி

1972-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி. திருக்கழுக்குன்றத்தில் பொதுக்கூட்டம். அன்றைக்கே சென்னை லாயிட்ஸ் ரோட்டிலும் கூட்டம். 2 மேடைகளிலும் எம்.ஜி.ஆர். பேசினார். மந்திரிகள், எம்.எல்.ஏ.க்கள், மாவட்டச் செயலாளர்கள், கிளைப் பொறுப்பாளர்கள் வரை எல்லாரும் தங்கள் சொத்துக் கணக்கையும் குடும்பத்தார் சொத்துக் கணக்கையும் காட்ட வேண்டும், இதற்காகப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வருவேன் என்பதுதான் பேச்சின் சாரம்.

கட்சிக்குள் புயல் கிளம்பியது. "கட்சிக் கணக்கை வைத்திருப்பவரே பொருளாளர்தானே? சந்தேகம் இருந்தால் பொதுக்குழுவில் கேட்க வேண்டியதுதானே? பொதுக்கூட்டத்தில் கேட்பது கட்டுப்பாடா?" என்பதே தலைமை தரப்பின் வாதம். இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. கமிட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவரே வெளியில் வந்து கணக்கு கேட்டால், மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

எம்.ஜி.ஆர். தரப்பு வாதம் வேறு. அவர் கேட்டது கட்சி நிதிக் கணக்கை மட்டும் அல்ல. பதவிக்கு வந்த பிறகு தனிப்பட்டவர்களுக்கு வந்த சொத்துக் கணக்கை. அது பொருளாளரின் பேரேட்டில் இருக்காது.

அக்டோபர் 10-ந்தேதி எம்.ஜி.ஆர். தற்காலிகமாக நீக்கப்பட்டார். நடவடிக்கை எடுத்தவர் பொதுச்செயலாளர் நெடுஞ்செழியன். அக்டோபர் 14-ந்தேதி பொதுக்குழு கூடி, நிரந்தரமாக நீக்கியது. 3 ஆண்டு பொருளாளர் வாழ்க்கை 6 நாளில் முடிந்தது.

தமிழகம் முழுவதும் கொந்தளிப்பு. பஸ்கள் மறிக்கப்பட்டன. ஊர்வலங்கள் நடந்தன. ரசிகர் மன்றங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறின.

3 நாளில் புதுக்கட்சி

அனகாபுத்தூர் ராமலிங்கம் என்ற தொண்டர் அண்ணா தி.மு.க. என்ற பெயரில் ஏற்கனவே ஒரு கட்சியைத் தொடங்கி இருந்தார். அந்தப் பெயரையே எம்.ஜி.ஆர். எடுத்துக்கொண்டார். அக்டோபர் 17-ந்தேதி அ.தி.மு.க. உதயமானது. கொடியில் அண்ணாவின் உருவம் வந்தது.

சட்டசபையில் எம்.ஜி.ஆர். எதிர்வரிசைக்கு மாறினார். 1972 டிசம்பர் 2-ந்தேதி சட்டசபை வரலாற்றில் இல்லாத காட்சி அரங்கேறியது. சபாநாயகர் மதியழகனை நீக்க ஆளுங்கட்சி முயன்றது. மதியழகனும் நாற்காலியை விடவில்லை. துணை சபாநாயகர் சீனிவாசனுக்குத் தனி நாற்காலி போடப்பட்டது. 2 பேர் ஒரே நேரத்தில் சபையை நடத்தினார்கள்.

அதற்கு முன்பே, நவம்பரில், மந்திரிகள் மீது ஊழல் புகார் பட்டியலை கவர்னர் கே.கே.ஷாவிடம் எம்.ஜி.ஆர். கொடுத்திருந்தார். இந்திய கம்யூனிஸ்டு தலைவர் எம்.கல்யாணசுந்தரமும் புகார் மனு கொடுத்தார். 1976 ஜனவரி 31-ந்தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு, இந்தப் புகார்களின் பேரில்தான் சர்க்காரியா கமிஷன் அமைக்கப்பட்டது. புகார்களைக் கருணாநிதி மறுத்தார். அரசியல் பழிவாங்கல் என்றார். கமிஷன் அறிக்கை வந்தது. ஆனால் அதை வைத்து யாரும் கோர்ட்டில் தண்டிக்கப்படவில்லை.

திண்டுக்கல்லில் முதல் வெற்றி

புதுக்கட்சிக்கு முதல் பரீட்சை 1973 மே 20-ந்தேதி நடந்த திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர். தேர்தல் அதிகாரி காட்டிய சின்னங்களில் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அ.தி.மு.க. அபார வெற்றி பெற்றது. பழைய காங்கிரஸ் 2-வது இடம். ஆளுங்கட்சியான தி.மு.க. 3-வது இடம். 1974-ல் மலைக்குக் கீழே கோவை மேற்கு சட்டசபை இடைத்தேர்தலில் அரங்கநாயகம் வென்றார்.

1977 மார்ச் பாராளுமன்றத் தேர்தலில் நீலகிரியும் கை மாறியது. அ.தி.மு.க.வின் பி.எஸ்.ராமலிங்கம் நீலகிரி எம்.பி. ஆனார். ஜூன் மாதம் சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க. 130 இடங்கள், தி.மு.க. 48 இடங்கள். ஜூன் 30-ந்தேதி எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர் ஆனார். பழைய பொருளாளர், பழைய தலைவரைத் தோற்கடித்தார்.

கணக்கு கேட்டவரின் கணக்கு

எம்.ஜி.ஆர். புகார் கிளப்பிய பிறகு, 1973-ல் கருணாநிதி அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. பொது வாழ்வில் உள்ளவர்கள், முதல்-அமைச்சர் உள்பட, லஞ்சம் வாங்கினாலோ, வருமானத்துக்கு மேல் சொத்து சேர்த்தாலோ விசாரித்துத் தண்டிக்க அதில் வழி செய்யப்பட்டது. கணக்கு கேட்டு ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர். இதைப் பலப்படுத்தி இருக்கலாம். ஆனால் 1977-ல் அவர் அரசே அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது.

மது விஷயத்திலும் இதே கதைதான். மதுவிலக்கை வலியுறுத்தியவர் ஆட்சியில்தான் 1981-ல் மறுபடியும் கடைகள் திறக்கப்பட்டன. 1983-ல் "டாஸ்மாக்" நிறுவனம் தொடங்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

ஆனாலும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1977-ல் அருப்புக்கோட்டை, 1980-ல் மதுரை மேற்கு, 1984-ல் ஆண்டிப்பட்டி என்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தொகுதியில் ஜெயித்தார். 1984-ல் ஓட்டு எண்ணியபோது அவர் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருந்தார். 1987 டிசம்பர் 24-ந்தேதி மறையும் வரை முதல்-அமைச்சராக இருந்தார்.

மறுபடியும் மறுபடியும் அதே நாற்காலி

பொருளாளர் பதவியில் சண்டை வருவது 1972-உடன் முடியவில்லை. எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சியிலேயே அது திரும்பி வந்தது.

2017 பிப்ரவரி 7-ந்தேதி இரவு ஜெயலலிதா சமாதியில் தியானம் இருந்து சசிகலாவுக்கு எதிராக ஓ.பன்னீர்செல்வம் பேட்டி கொடுத்தார். அன்று இரவே அவரிடம் இருந்து பறிக்கப்பட்டது பொருளாளர் பதவிதான். திண்டுக்கல் சீனிவாசன் நியமிக்கப்பட்டார். தன்னைக் கேட்காமல் கட்சிக் கணக்கில் பணம் எடுக்க விடக்கூடாது என்று பேங்குகளுக்கு பன்னீர்செல்வம் கடிதம் எழுதினார். அணிகள் இணைந்த பிறகு பதவி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 2022 ஜூலை 11-ந்தேதி பொதுக்குழுவில் அவர் நீக்கப்பட்டபோது, மறுபடியும் திண்டுக்கல் சீனிவாசன் பொருளாளர். மறுபடியும் பேங்குகளுக்குக் கடிதம்.

தி.மு.க.வில் 2008 டிசம்பரில் ஆற்காடு வீராசாமிக்குப் பதிலாக மு.க.ஸ்டாலின் பொருளாளர் ஆனார். 2018 ஆகஸ்டு 28-ந்தேதி தலைவர் ஆகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அடுத்து துரைமுருகன். 2020 செப்டம்பரில் டி.ஆர்.பாலு.

பொருளாளருக்கு இப்போது சட்டம் சொல்வது என்ன?

1972-ல் கட்சிக் கணக்கு என்பது கட்சிக்குள்ளேயே முடிந்துபோகிற விஷயம். இப்போது அப்படி இல்லை.

* ஒரே ஆளோ, ஒரே நிறுவனமோ வருஷத்துக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தால், அந்த விவரத்தைத் தேர்தல் கமிஷனுக்குத் தர வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் இந்த வேலையைப் பொருளாளர் அல்லது கட்சி நியமிக்கும் ஒருவர் தலையில் வைத்திருக்கிறது.

* வருமான வரி விலக்கு வேண்டும் என்றால், கட்சி கணக்கு எழுதி ஆடிட்டரிடம் தணிக்கை செய்ய வேண்டும்.

* ரொக்கமாக 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கினால் வரி விலக்கு போய்விடும். 2017-ல் வந்த கட்டுப்பாடு இது.

* மாநில அளவிலும், அதற்குக் கீழே உள்ள மட்டங்களிலும் கணக்கு ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று பார்ப்பதும் பொருளாளர் பொறுப்பு என்று தேர்தல் கமிஷன் 2014-ல் வழிகாட்டுதல் கொடுத்தது.

* யார் கொடுத்தது என்றே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் போன தேர்தல் பத்திர முறையை 2024 பிப்ரவரி 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்பது தீர்ப்பின் அடிப்படை.

அதாவது, 1972-ல் கணக்கு கேட்டதற்காக ஒரு பொருளாளர் வெளியே போனார். இன்றைக்குக் கணக்கு கொடுக்காத பொருளாளர்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்கிற உரிமை, தேவாலா கடைவீதியில் உண்டியலில் 10 ரூபாய் போட்டவருக்கும் உண்டு.

எம்.ஜி.ஆர். அரசியல் - ஒரு பார்வை

1953 - தி.மு.க.வில் சேர்ந்தார்.
1962 - மேல்-சபை உறுப்பினர். 1964-ல் ராஜினாமா.
1967 - பரங்கிமலை எம்.எல்.ஏ.
1969 - தி.மு.க. பொருளாளர்.
1971 - மீண்டும் பரங்கிமலை எம்.எல்.ஏ.
1972 அக்டோபர் 8 - கணக்கு கேட்டுப் பேச்சு.
1972 அக்டோபர் 14 - தி.மு.க.வில் இருந்து நீக்கம்.
1972 அக்டோபர் 17 - அ.தி.மு.க. உதயம்.
1973 மே - திண்டுக்கல் வெற்றி.
1977 ஜூன் 30 - முதல்-அமைச்சர்.
1987 டிசம்பர் 24 - மறைவு.
1988 - பாரத ரத்னா விருது.